முதல் வேலை: இரண்டாவது நேர்காணலை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் என் அக்கா மகன் மூன்று காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன், அரியர் கிடையாது, அவனுடைய அப்பா வேடசந்தூர் அருகே ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கிறார். முதல் காகிதம் பெரிய ஐடி சேவை நிறுவனம் ஒன்றின் ஆஃபர் லெட்டர்: ஆண்டுக்கு 3.6 லட்சம் ரூபாய், பணியில் சேரும் நாள் பின்னர் தெரிவிக்கப்படும். இரண்டாவது, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஓராண்டு பட்டதாரி அப்ரென்டிஸ் பயிற்சி: மாதம் 16,000 ரூபாய் உதவித்தொகை, கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ். மூன்றாவது, கோயம்புத்தூர் கணபதியில் 24 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை, மற்ற ஆலைகளுக்காகத் தனிப்பயன் இயந்திரங்கள் வடிவமைத்துச் செய்து தரும் இடம்: மாதம் 15,000 ரூபாய். காகிதத்தில் வராத நான்காவது வழி ஒன்றும் இருந்தது. ஓராண்டு வீட்டிலேயே இருந்து டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது என் அக்காவின் விருப்பம்.

இயந்திர வடிவமைப்புத் துறையில் இருக்கும் நான், பதினோரு ஆண்டுகளாக எங்கள் நிறுவனத்தின் நேர்காணல் குழுவில் உட்கார்ந்து வருகிறேன். புதிதாகப் படித்து முடித்தவர்களையும், ஓரிரு ஆண்டு எங்காவது வேலை பார்த்துவிட்டு வருபவர்களையும் மாறி மாறிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. முதல் நேர்காணலில் கேட்கப்படுவது கல்லூரியில் என்ன படித்தாய் என்பது. அதற்கான பதிலை ஒரு மாதம் உட்கார்ந்து தயார் செய்துவிடலாம். இரண்டு ஆண்டு கழித்து வரும் இரண்டாவது நேர்காணலில் கேட்கப்படுவது, இந்த இரண்டு ஆண்டில் உன் கையால் என்ன செய்தாய் என்பது. அதற்கான பதிலை அந்த இரண்டு ஆண்டைத் தவிர வேறு எதனாலும் தயார் செய்ய முடியாது. ஆகவே முதல் வேலைகளை ஒப்பிடும்போது, சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும் பார்க்கும் அதே அக்கறையோடு, அந்த இரண்டாவது கேள்விக்கு எந்த இடம் பதில் கொடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அன்று இரவு நாங்கள் இருவரும் அந்தக் காகிதங்களை இந்தக் கண்ணோடுதான் படித்தோம்.

ஆனால் பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவது நல்லது. அது தீராமல் மற்ற எதையும் நிதானமாகப் பேச முடியாது. 3.6 லட்சம் என்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 30,000 வருகிறது. அந்தத் தொகை கைக்கு வருவதில்லை. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகக் கணக்கிடப்படும் பணிக்கொடை, மருத்துவக் காப்பீட்டுத் தொகை, செயல்திறனைப் பொறுத்து வரும் மாறும் ஊதியம் ஆகிய எல்லாமே அந்த 3.6 லட்சத்துக்குள் அடங்கியவை. இவை போக, நம் பங்கு வைப்பு நிதியாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படும். எல்லாம் கழித்தால் மாதம் 22,000 முதல் 24,000 வரை கையில் நிற்கும். பணிக்கொடையாகக் காட்டப்படும் தொகையோ, பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கே கிடைப்பது. இரண்டாம் ஆண்டில் விலகுபவருக்கு அது வெறும் எண்தான். சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு பிஜியில், அதாவது கட்டண விடுதியில், மூவர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 15,000 சொச்சம். ஒரகடத்து 16,000-இல் பிடித்தம் இல்லை, மதியச் சாப்பாடும் போக்குவரத்தும் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்தால் 10,000 மிஞ்சும். கணபதியில் 15,000 என்றாலும், எங்கள் வீட்டில் தங்கிக்கொள்வதால் பெரும்பகுதி அப்படியே நிற்கும். காகிதத்தில் இரு மடங்காகத் தெரிந்த வித்தியாசம், மாதக் கடைசியில் ஐந்தாயிரத்துக்குள் அடங்கிப்போனதைப் பார்த்து அவனே வியந்தான்.

கல்விக் கடன் இருந்தது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். வட்டியும் சேர்ந்து 3 லட்சமாக நிற்கும் கடனை 10.5 சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 4,050 ரூபாய். இந்தத் தவணையை அடுத்த ஆண்டிலிருந்து கட்டக்கூடிய வேலை வேண்டும் என்பது எங்கள் கணக்கின் தரைமட்டம். மூன்று காகிதங்களும் அதைத் தாண்டின. நான்காவது வழி தாண்டவில்லை.

இனி ஐடி ஆஃபருக்கு வருவோம். மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் என்று எந்தத் துறையில் படித்தவரையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு ஒரு தொழிலுக்குள் நுழைக்கும் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்களை ஒரே தலைமுறையில் கரையேற்றியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வைப்பு நிதி முதல் மாதத்திலேயே தொடங்கும்; சம்பளம் சொன்ன தேதியில் வரும்; பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் இதே தொடக்கச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது என்பதையும், அதே பத்து ஆண்டில் பிஜி வாடகை அப்படி நிற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்த விதமே அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் காட்டுகிறது. ஆன்லைனில் கணிதத் திறன், ஆங்கிலம், எளிய நிரல் ஆகியவற்றில் ஒரு தேர்வு. அதன் பிறகு பதினைந்து நிமிட வீடியோ நேர்காணல். இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பற்றி ஒரு கேள்வி, சி மொழியில் ஒரு கேள்வி, பிறகு இரவுப் பணிக்குச் சம்மதமா, இந்தியாவில் எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவாயா என்ற இரண்டு கேள்விகள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் எடுக்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் ஆழமாகப் பார்க்க முடியாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவைத் தாள் இல்லை என்ற சல்லடையை முதலில் வைப்பதும் அதனால்தான். ஆனால் அப்படி எடுக்கப்பட்டவர் எந்தப் பணியில் போடப்படுவார் என்பது அவர் கையிலும் இல்லை, அவரை எடுத்தவர் கையிலும் இல்லை. பயிற்சி முடியும் நாளில் எந்த வாடிக்கையாளருக்கு ஆள் தேவையோ அங்கே போக வேண்டியதுதான். ஒருவருக்கு நல்ல நிரலாக்க வேலை வாய்க்கும். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு இரவு முழுவதும் வாடிக்கையாளர் அனுப்பும் புகார்களை (டிக்கெட்) பார்த்து மூடும் சப்போர்ட் வேலை வாய்க்கும். இன்னொருவர் எந்தப் ப்ராஜெக்டும் கிடைக்காமல் ஆறு மாதம் பெஞ்சில் இருப்பார்.

இரண்டு ஆண்டு அனுபவம் என்று எங்களிடம் வந்த ஓர் இளைஞரிடம், நீங்கள் வந்தபோது இல்லாமல் இருந்து, உங்களால் வந்தது என்று எதையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "டெய்லி ரிப்போர்ட் அனுப்புவேன் சார்" என்றார். கெட்டிக்காரப் பையன், அவருக்குக் கிடைத்தது அந்த வேலைதான். அதே மாதம் வந்த ஒரு பெண், பெஞ்சில் இருந்த ஐந்து மாதத்தில் தன் குழு எக்செல்லில் கையால் தயாரித்துவந்த அறிக்கையை பைத்தானில் தானாக வரும்படி செய்ததையும், அதில் முதலில் வந்த பிழையையும், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் இருபது நிமிடம் சொன்னார். இருவரும் ஒரே மாதிரி ஆஃபர் லெட்டரோடு தொடங்கியவர்கள்தான். ஆகவே ஐடி சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர், நல்ல ப்ராஜெக்ட் கிடைக்காவிட்டாலும் நானே ஒன்றை உண்டாக்கிக்கொள்வேன் என்ற உறுதியோடு போக வேண்டியிருக்கிறது. என் அக்கா மகனுக்கு நிரலாக்கத்தில் அந்த ஆர்வம் இருந்ததா என்று கேட்டபோது, தேர்வுக்காகப் படித்ததோடு சரி என்று உண்மையைச் சொன்னான்.

நிரலாக்கத்தில் மெய்யான பிடிப்பு உள்ளவர்களுக்குச் சேவை நிறுவனத்தைவிட, சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் ப்ராடக்ட் நிறுவனங்கள் பொருத்தமானவை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, 2005 முதல் பட்டம் இல்லாத இளைஞர்களையும் எடுத்துத் தன் பள்ளியில் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கிறது. கல்லூரிப் பெயரைவிட எழுதிக் காட்டும் நிரலைப் பார்க்கும் இடங்கள் இங்கே உண்டு என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய நேர்காணல்களில் சில மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழு நிரலை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதத் தயாரிப்பு அதற்குப் போதாது. கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டிய பாதை அது.

ஒரகடத்துக் காகிதத்தைத்தான் நாங்கள் மிகவும் கவனமாகப் படித்தோம், ஏனென்றால் அதில் ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி என்றால் அவர் நிறுவனத்தின் ஊழியர். பயிற்சிக் காலம் முடிந்ததும் பணி உறுதிசெய்யப்படுவார். வைப்பு நிதி உண்டு. கிராஜுவேட் அப்ரென்டிஸ் என்றால் 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்தின்படி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்ட பயிலுநர். சட்டத்தின் பார்வையில் அவர் தொழிலாளி அல்லர். ஓராண்டு முடிவில் அவருக்கு வேலை கொடுக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை 9,000 ரூபாய் என்று வைத்தன; அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. தென் மாநிலங்களுக்கான இந்தப் பதிவையும் சான்றிதழையும் சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம் கவனிக்கிறது. இரண்டு கடிதங்களும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ஒரே மாதிரித் தாளில், ஒரே மேலாளரின் கையெழுத்தோடு வரும். ஒரு சொல்தான் வேறுபாடு. மூன்றாவது வகையும் உண்டு: தொழிற்சாலை வாசலில் பெயர் ஒன்று இருக்க, சம்பளச் சீட்டில் வேறு ஒரு கன்சல்டன்சியின் பெயர் இருக்கும். அந்த ஆண்டுகளை அனுபவமாகக் காட்டும்போது, அனுபவச் சான்றிதழ் யார் பெயரில் வரும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், அப்ரென்டிஸ் ஓராண்டை வீண் என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் உள்ள பெரிய ஆலைகளின் ஒழுங்கு வேறு எங்கும் கற்க முடியாதது. ஷிஃப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடக் கூட்டம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை உருப்படி வந்தது, எத்தனை கழிந்தது என்று பலகையில் எழுதுவது, கழிந்ததற்கான காரணத்தை ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிவரை போவது ஆகியவற்றை ஓராண்டு பார்த்தவரின் பேச்சே வேறாக இருக்கும். ஆனால் அப்ரென்டிஸ் என்ற பெயரில் ஒரே இடத்தில் நிறுத்தி, ஓராண்டு முழுவதும் ஒரே போல்ட்டை முடுக்கவைக்கும் ஆலைகளும் உள்ளன. இரண்டையும் வேறுபடுத்த ஒரு கேள்வி போதும்: சென்ற ஆண்டு வந்த அப்ரென்டிஸ்கள் எந்தெந்தத் துறைகளில் எத்தனை மாதம் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை நிறுத்திக்கொண்டீர்கள்? அந்த ஆலையிலேயே முன்பு இருந்த சீனியர் ஒருவரை அவன் போனில் பிடித்துக் கேட்டான். பதினெட்டுப் பேரில் இருவரை எடுத்தார்கள், மற்றவர்கள் எல்லோரும் அசெம்பிளி லைனிலேயே ஓராண்டை முடித்தார்கள் என்றார் அவர்.

கணபதிப் பட்டறைக்கு அவன் நேர்காணலுக்குப் போய்வந்த கதையை அவன் வாயாலேயே கேட்டேன். அது நேர்காணல் என்றே அவனுக்கு முதலில் புரியவில்லை. உரிமையாளர் அவனை மேசைக்கு முன் உட்காரவைக்காமல் லேத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த ஒரு படி வைத்த ஷாஃப்டையும் ஒரு வெர்னியரையும் கையில் கொடுத்து, இதை அளந்து ஒரு தாளில் வரைந்து கொண்டுவா என்றிருக்கிறார். அவன் மூன்று பக்கத் தோற்றங்களையும் ஒழுங்காக வரைந்து, நுனிப் பகுதியின் விட்டத்தை 25 என்று எழுதிக் கொடுத்தான். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சுன்னா எவ்வளவு இருபத்தஞ்சு தம்பி?" என்று கேட்டாராம். அவன் விழித்தான். அவர் ஒரு 6205 பேரிங்கை எடுத்து அந்த நுனியில் வைத்து, கையால் அழுத்தினால் ஏறாமல், ஆனால் லேசாகத் தட்டினால் ஏறி உட்காரும் இடத்தைக் காட்டியிருக்கிறார். அந்தப் பேரிங்கின் துளை 25 மில்லிமீட்டர். அதில் இறுக்கமாக உட்கார வேண்டிய ஷாஃப்ட் 25-ஐவிட 2 மைக்ரான் முதல் 15 மைக்ரான் வரை கூடுதலாக இருக்க வேண்டும். அவன் கையில் இருந்த வெர்னியரோ 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரானுக்குக் கீழ் எதையும் காட்டாது. அளக்கக் கொடுத்த கருவியே அந்த அளவுக்குப் போதாது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி. அவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்தும் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் விளக்கம் முடிந்ததும் மைக்ரோமீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கி மறுபடியும் அளந்தான்.

நான்கு ஆண்டுப் படிப்பில் டாலரன்ஸ், அதாவது ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு, பற்றிய பாடத்தை இரண்டு தேர்வுகளில் எழுதித் தேறியவன், அந்தச் சொல்லின் பொருளை அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் தொட்டுப் பார்த்தான். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். சிறிய பட்டறையின் பலம் இதுதான். வடிவமைப்பு, பொருள் வாங்குதல், கடைசல், பொருத்துதல், வாடிக்கையாளர் இடத்தில் நிறுவுதல் எல்லாமே ஒரே கூரையின் கீழ் நடப்பதால், தான் வரைந்த கோடு மூன்று வாரம் கழித்து இரும்பாக மாறி வரும்போது அதில் உள்ள தவறும் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். இரண்டு ஆண்டில் நான்கைந்து இயந்திரங்களை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தவருக்கு இரண்டாவது நேர்காணலில் சொல்வதற்குக் குறைவிருக்காது.

பலவீனங்களும் அதே அளவுக்கு உண்மையானவை. ஆர்டர் குறைந்தால் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும். கற்றுக்கொடுக்கும் மனம் உரிமையாளருக்கு இல்லையென்றால், புதிதாகச் சேர்ந்தவர் பேங்குக்கும் கூரியருக்கும் அலைந்தே ஆண்டைக் கழிக்க நேரும். நான் பட்டம் முடித்துச் சேர்ந்த முதல் இடம் அப்படிப்பட்டதுதான்; என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது மூன்று மாதம் இழுத்தடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் கிடைக்கவிருந்த ஒரு நல்ல வேலை கைநழுவியது. ஆகவே அவனிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது: சரிபார்க்க அசலைக் காட்டலாம், ஒருபோதும் விட்டுவிட்டு வரக் கூடாது. அத்தோடு, அந்தக் காகிதத்தில் வைப்பு நிதி பற்றி ஒரு சொல்லும் இல்லாததையும் கவனித்தோம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் வைப்பு நிதி கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடும் உண்டு. உரிமையாளரிடம் பணிவாக இதைக் கேட்கச் சொன்னேன். பிரெஷர், அதாவது அனுபவமில்லாத புதியவர், கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்கினான். நேர்காணல் செய்பவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: கடிதத்தைப் படித்துவிட்டு அதில் விடுபட்டதைத் தெளிவாகக் கேட்பவரை நாங்கள் தவறாக நினைப்பதில்லை. அவர் வரைபடத்தையும் அப்படித்தான் படிப்பார் என்று நினைக்கிறோம்.

பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவேன் என்ற ஒப்பந்தம், பற்றியும் பேச்சு வந்தது. ஐடி கடிதத்தில் ஓராண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவாக 75,000 ரூபாய் தர வேண்டும் என்று இருந்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எதுவும் செல்லாது என்று கல்லூரி விடுதிகளில் சொல்லிக்கொள்வது வழக்கம், அது சரியல்ல. வேறு இடத்தில் வேலைக்கே போகக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனைகளை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு செல்லாததாக்குகிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் ஒரு நியாயமான தொகையைத் தர வேண்டும் என்பது வேறு. விஜயா வங்கி வழக்கில் மூன்று ஆண்டுக்குள் விலகிய அதிகாரியிடம் 2 லட்சம் ரூபாய் கேட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அது நம்மைக் கட்டும் என்று நினைத்தே போட வேண்டும்.

என் அக்காவின் விருப்பத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மில் வேலையின் நிச்சயமின்மையை இருபத்தைந்து ஆண்டு பார்த்த வீட்டில், அரசு வேலை என்பது நிம்மதியின் மறுபெயர். ஆனால் எண்கள் கடுமையானவை. 2022 ஜூலை மாதம் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். இடங்கள் பிறகு பத்தாயிரத்தைத் தாண்டின என்றாலும், ஓர் இடத்துக்கு இருநூறு பேர் என்ற அளவில்தான் அது நிற்கிறது. இருநூறு கேள்விகளில் நூறு தமிழிலிருந்து வருவதால், தமிழ்வழியில் ஊன்றிப் படித்தவர்களுக்கு அது நல்ல களம். இவனோ ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் படித்தவன்.

எனினும் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது வெற்றி வாய்ப்பு அல்ல, கதவுகள் மூடும் காலம். வங்கி அதிகாரித் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 30, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 33. குரூப் 4-இன் பல பணிகளுக்குப் பட்டம் பெற்ற பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. அந்தக் கதவுகள் இன்னும் பல ஆண்டு திறந்திருக்கும். பிரெஷர் என்ற கதவு அப்படியல்ல. பெரிய நிறுவனங்கள் இந்த ஆண்டு முடித்தவர், அதிகம் போனால் அதற்கு முந்தைய ஆண்டு முடித்தவர் என்று பேட்ச் குறிப்பிட்டே விண்ணப்பம் கேட்கின்றன. இரண்டு ஆண்டு வீட்டிலிருந்து படித்துவிட்டு, கிடைக்காமல் வெளியே வருபவர் பிரெஷராகவும் இல்லாமல் அனுபவசாலியாகவும் இல்லாமல் நடுவில் நிற்கிறார். நேர்காணல் மேசையின் எதிர்ப்பக்கத்தில் அப்படிப்பட்ட முகங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். படிப்பிலும் உழைப்பிலும் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். வேலையில் இருந்துகொண்டே அதிகாலையில் இரண்டு மணி நேரம் படிக்கலாம் என்றால் அது மெதுவான வழிதான், ஆனால் எந்தக் கதவையும் மூடாத வழி. வீட்டில் கடன் இல்லாமல், ஏற்கெனவே முதல்நிலைத் தேர்வு ஒன்றைத் தாண்டியவராக இருந்தால், முழுநேரமும் படிக்கச் சொல்லவே நான் பரிந்துரைப்பேன்.

இதே கண்ணோட்டத்தில் மற்ற மூன்றையும் பார்த்தபோது வழி தெளிந்தது. ஐடி கடிதத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பினாலும், சேரும் நாள் வரும் வரை அவன் சும்மா இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அப்ரென்டிஸ் பயிற்சி ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் எழுந்து போவது நல்லதல்ல. ஓராண்டு வேலை அனுபவம் ஆகிவிட்டால் பிறகு அந்தத் திட்டத்தில் சேரவும் முடியாது. அதில் நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று என்று தெரிந்த பிறகு, அதை விடுவதில் வருத்தமில்லை. கணபதியில் பாண்ட் இல்லை. ஒரு மாத நோட்டீஸ் மட்டும்தான். ஆகவே அவன் ஜூன் இரண்டாம் வாரம் பட்டறையில் சேர்ந்தான். உரிமையாளர் வைப்பு நிதியை ஆறு மாதம் கழித்து என்று சொல்லிப் பார்த்து, பிறகு செப்டம்பரிலிருந்து தொடங்கினார். நவம்பர் மாதச் சம்பளம் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது.

அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவனும் அதே ஐடி கடிதத்தை வைத்திருந்தான். அவன் வீட்டில் கடன் 5 லட்சம், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயம்புத்தூரில் தங்க உறவினர் வீடும் இல்லை. அவனிடமும் நான் பேசினேன். காத்திருந்து ஐடியில் சேர்வதே அவனுக்குச் சரி என்று சொன்னேன். இடைப்பட்ட மாதங்களில் அவன் திண்டுக்கல்லில் ஒரு மொபைல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே ஜாவா படித்தான்.

சேரும் தேதியைச் சொல்லும் மின்னஞ்சல் இருவருக்கும் பிப்ரவரியில் வந்தது. தோழன் மார்ச் மூன்றாம் தேதி சென்னையில் சேர்ந்தான். இப்போது டெஸ்டிங் குழுவில் இருக்கிறான், ஒரு பிஜியில் தங்கியிருக்கிறான், வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் அனுப்புகிறான். மின்னஞ்சல் வந்த இரவு என் அக்கா மகன் அதை என்னிடம் காட்டிவிட்டு, "மாமா, அந்த பிரஸ்-ஃபிட் மெஷின் இன்னும் டிஸ்பாட்ச் ஆகலை" என்றான். எட்டு மாதத்தில் அவன் வரைந்த பாகங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தது, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கமாக அழுத்திப் பொருத்தும் அந்த இயந்திரத்தில்தான். மறுநாள் வருந்தி மறுத்து ஒரு கடிதம் எழுதினான். அதை நான் திருத்திக் கொடுத்தேன். இயந்திரம் ஏப்ரலில் லாரியில் ஏறி ஓசூருக்குப் போனது. நிறுவிக் கொடுக்க அவனையும் பத்து நாள் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவனுடைய நோட்டில் இருபத்திரண்டு பக்கங்களுக்கு, எந்தப் பாகம் எங்கே இடித்தது, எந்த அளவை எவ்வளவு குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்று தேதியோடு எழுதியிருந்தது.